இடது பக்கம், கீழே

"காய்ச்சலுக்கு நாலு நாள் லீவு கேட்டா, ஸ்கேன் எடுத்துட்டு வான்னா என்னய்யா அர்த்தம்?"

டிப்போ கேன்டீனில் டிரைவர் குமுறினார். பேச்சுக்கு நடுவே மூச்சு விசிலடித்தது. ஆறு வருஷத்து ஆஸ்துமா. இன்ஹேலர் சட்டைப் பையிலேயே குடியிருந்தது.

"சிவப்பு மைகிட்ட மாட்டினா சும்மா விடுமா?" என்றார் கண்டக்டர்.

லீவு செக்‌ஷன் கிளார்க்கம்மாவின் பட்டப்பெயர் அது. கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவரிடம் லீவு வாங்க முடியாது.

இந்த முறை, காலையில் லீவு கேட்டுப் போனபோது, டிரைவரின் பழைய ஃபைலையே தோண்டியிருந்தார். முன்பு கொடுத்த மூன்று மெடிக்கல் சர்டிபிகேட்டையும் நகலெடுத்து, புதுசோடு பின் போட்டு, நாலிலும் ஒரு வரியைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார்.

"நாலும் ஒரே மாதிரி இருக்கு. ஸ்கேன் இல்லாம லீவு கிடையாது."

"அப்போ நான் போலி சர்டிபிகேட் கொடுக்கிறேன்னு சொல்றீங்களா?" டிரைவர் கத்தினார்.

அந்தம்மா நிமிரவே இல்லை. "இந்தப் பேப்பரையும் டாக்டர்கிட்ட காட்டுங்க."

இருபது வருஷ சர்வீஸில் ஒரு பொய் சொன்னதில்லை. ரிப்போர்ட்டை அந்தம்மா மேஜையில் விட்டெறியணும் என்றே ஸ்கேனுக்குப் போனார்.

டாக்டர் படத்தையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல வட்டம் போட்ட டாக்டர் யாரு?"

"டாக்டரா? எங்க ஆபீஸ் கிளார்க் சார்."

"நாலு தடவை நிமோனியா. நாலு தடவையும் இடது நுரையீரல், அதே கீழ்ப்பகுதி. நாலு டாக்டருங்க ஆளுக்கு ஒரு தடவைதான் பார்த்தாங்க. இவங்கதான் நாலையும் சேர்த்துப் பார்த்திருக்காங்க. மூச்சுக்குழாய்க் கிளையில ஒரு சின்னக் கட்டி. ரொம்ப மெதுவா வளர்ற ரகம். அந்த விசில் ஆஸ்துமா இல்ல, இந்த அடைப்புதான்."

"புத்துநோயா சார்? நான் சிகரெட்டே தொட்டதில்லையே."

"அந்தக் குடும்பம்தான். ஆனா இதுக்கு சிகரெட் வேண்டியதில்ல. இப்பவே ஆபரேஷன்ல எடுத்துட்டா பெரும்பாலும் குணமாயிடும். விட்டுவச்சா ஆபத்து."

டிரைவருக்குப் பயத்தைவிட வெட்கமே அதிகமாக இருந்தது.

மறுநாள் லீவு லெட்டரோடு போய் நின்றார். ஆபரேஷனுக்கு ஒரு மாதம் கேட்டிருந்தார்.

"அன்னைக்கு வாய்க்கு வந்தபடி கத்திட்டேன்மா..."

அந்தம்மா அப்போதும் நிமிரவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து 'ஒரு மாதம்' என்பதை அடித்தார்.

"இது பத்தாது. ரெண்டு மாசம்னு எழுதிட்டு வாங்க."