வளையம் போட்ட கோயில் புறா

"குமரேசா! உன் புறாவுக்கு நீ தீனி போடறியா, இல்ல நான்தான் போடணுமா?"

விடிந்தும் விடியாததுமாக வாசலில் சத்தம். குமரேசன் மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். பின்பக்கத்து நிலத்துக்காரர் விருசபதாசன் நயினார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க நின்றிருந்தார்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி குமரேசன் வீடு. மாடி முழுக்கப் பந்தயப் புறாக்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு. அதைத் தாண்டி நயினாரின் நிலக்கடலை நிலம்.

"என்னா நயினாரே, என்னா ஆச்சு?"

"இன்னும் என்னா ஆவணும்? மல்லாட்டை விதைச்சிருக்கேன். அது மண்ண விட்டுத் தலை நீட்டறதுக்குள்ள உன் புறா கூட்டமா வந்து பருப்பப் புடுங்கித் தின்னுது. சுத்தி இருக்கறவன் எல்லாம் விதைக்கு ரோஸ் கலர் மருந்து பூசித்தான் போடறான். நான் ஒருத்தன்தான் பூசல. புழு பூச்சி சாவக்கூடாதுன்னு பாத்தா, உன் புறா என்னை மொட்டை அடிக்குது!"

குமரேசனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ரெண்டு புறா இருக்குது நயினாரே, நெத்தியில வெள்ளைப் பொட்டு. அதுங்கதான் மொதல்ல எறங்கும். மத்தது எல்லாம் பின்னாலயே போவும். இனிமே அதுங்க உங்க நெலத்துல கால் வெச்சா ஒரு வார்த்த சொல்லுங்க. ரெண்டையும் கறிக்கடையில குடுத்துட்டுத்தான் மறுவேலை!"

கோபமாக வந்த மனுஷனைச் சமாதானப்படுத்த வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். நிஜத்தில் அந்த இரண்டும் அவனுக்கு உயிர். கறிக்கடை என்றதும் நயினாரின் முகம் மாறியது. விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, குமரேசன் பாடுபட்டான். நாள் பூராவும் கூண்டைத் திறந்து வைப்பதை நிறுத்தினான். சாயங்காலம் மட்டும் பசியோடு பறக்கவிட்டு, தீனி டப்பாவை ஆட்டிக் கூப்பிட்டான். உப்புச் சத்து கேட்டுத்தான் புறா மண்ணுக்கு இறங்கும் என்று யாரோ சொன்னார்கள். செங்கல் தூளில் உப்பைக் கலந்து அதையும் வைத்தான்.

நாலு நாள் கழித்து நயினாரை வழியில் பார்த்தான்.

"இப்ப எப்பிடி நயினாரே? எறங்குதா?"

"இல்லியே. ஒண்ணுகூட வர்ல."

"அந்த வெள்ளைப் பொட்டு?"

"நான் பாக்கல." சைக்கிளை நிறுத்தாமல் போய்விட்டார்.

அப்பாடா என்றிருந்தது குமரேசனுக்கு. ஆனால் அன்று சாயங்காலம் எல்லாப் புறாவும் இறங்கிய பிறகு, கடைசியாக வந்து சேர்ந்தன அந்த இரண்டும். ஒன்றைக் கையில் எடுத்தான். தூக்கிவாரிப் போட்டது. தீனியே இன்னும் வைக்கவில்லை, கழுத்துக்குக் கீழே தீனிப் பை புடைத்திருந்தது. தடவிப் பார்த்தான். கட்டி கட்டியாக மல்லாட்டை.

எங்கே போய்த் தின்றது? நயினார் நிலத்தில் இல்லையென்றால் மருந்து பூசிய விதையா? அப்படியென்றால் இந்நேரம் சுருண்டு விழுந்திருக்க வேண்டுமே! இல்லை, இனிமேல்தான் விழுமா? ஒன்றும் புரியவில்லை அவனுக்கு.

மறுநாள் வீட்டுக்கே போய்க் கேட்டான். "வரவே இல்லப்பா" என்று சாதித்தார் நயினார். முகம் பார்த்துப் பேசவில்லை. ஆளும் வாடிப்போயிருந்தார்.

அவனைப் போலவே புறா வளர்க்கும் மாறன் கொளுத்திப் போட்டான். "வராத புறாவ வரலன்னு சொல்றதுக்கு எதுக்குடா மூஞ்சியத் திருப்பணும்? மருந்து வெச்சுட்டாரு. செத்து விழுந்தா, என் நெலத்துக்கே வர்லியேன்னு அவரு சொல்லிக்கலாம்ல?"

"சேச்சே! எறும்ப பாத்தா ஒதுங்கிப் போற மனுஷன்டா அவரு."

"விதை போன வயித்தெரிச்சல் யார விடும்?"



அன்று சாயங்காலம் புறாக்கள் ஒரே ஒரு வட்டம் அடித்தன. டப்பா சத்தத்தைக் காதிலேயே வாங்காமல் தோப்பைத் தாண்டி இறங்கின. குமரேசன் செருப்புகூடப் போடாமல் ஓடினான்.

நயினார் நிலத்தின் நடுவில் மொத்தக் கூட்டமும் மேய்ந்துகொண்டிருந்தது. வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நயினார். பக்கத்தில் டிபன் கேரியரோடு அவர் மனைவி கனகலதா. சமணரான அவர் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும், கொண்டு வந்திருந்தாள்.

"என்னா நயினாரே இது? வரலன்னு சொன்னீங்க?"

நயினார் திடுக்கிட்டார்.

"இது... இது உன் புறா இல்லப்பா. கோயில் புறா. கோபுரத்துலேர்ந்து வருது."

"கோயில் புறாவுக்குக் கால்ல வளையம் எவன் போட்டான்? தோ, ரெண்டு வெள்ளைப் பொட்டும் முன்னாடியே நிக்குது! எதுக்கு இப்பிடிப் பொய் சொல்றீங்க? மருந்து வெச்சீங்களா, இல்லியா? என் புறா பொழைக்குமா, பொழைக்காதா? அத மட்டும் சொல்லுங்க!"

நயினார் தலையைக் குனிந்துகொண்டார்.

கனகலதாதான் முன்னால் வந்தாள்.

"மருந்தா? நல்லா கேட்ட போ! தம்பி, அந்த ரெண்டையும் கறிக்கடைக்குக் குடுக்க மாட்டேன்னு இவரு எதிர்ல ஒரு வார்த்த சொல்லிடு, உனக்குப் புண்ணியமாப் போவும். ஒவ்வொரு பொய்க்கும் ஒரு வேளை பட்டினின்னு கெடக்கறாரு மனுஷன். இப்ப கோயில் புறான்னு சொன்னாரு பாரு, அதுக்கு இந்தச் சோறும் போச்சு!"