முருகம்மாள் பேருக்கு நேரே

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. செத்துப்போன ஒருத்தி ஓட்டுப் போட வந்த கதையைச் சொல்கிறேன். உங்கள் காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

வடகவுஞ்சிப் பள்ளிக்கூடத்தில் பாராளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. முருகம்மாள் வெள்ளனவே வந்து, பெண்கள் வரிசையில் நான்காவது ஆளாக நின்று, உள்ளே போனாள். அறுபத்தோரு வயது. காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. வாக்காளர் அட்டையை முந்தானையில் முடிந்திருந்தாள்.

மேசையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த இன்னொரு தாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நீங்க செத்துட்டதால்ல இருக்கு?”

பட்டியலில் பேர் இருந்தது. ஆனால் ஊரில் இல்லாதவர்கள், வீடு மாறியவர்கள், இறந்தவர்கள் என்று தனியாக ஒரு தாள் வைத்திருப்பார்கள். அதில் முருகம்மாள் பேருக்கு நேரே ‘இறப்பு’ என்று குறித்திருந்தது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்ட் செல்லப்பாண்டி எழுந்தான். அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவன்.

“வாங்க சித்தி, முட்டி வலி தேவலையா?” என்று விசாரித்துவிட்டு, சாவடித் தலைமை அதிகாரியின் பக்கம் திரும்பினான். “சார், இந்தம்மா செத்துட்டாங்க. ஓட்டுப் போட விடக் கூடாது.”

“ஏன்யா, உனக்குத் தெரிஞ்சவங்கதானே?”

“நல்லாத் தெரியும் சார். நேத்து ராத்திரி அவுக வீட்டுலதான் சாப்பிட்டேன். தாள்ல அப்படித்தானே எழுதிக் கெடக்கு?”

அதிகாரி அவளைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொன்னார். ஒதுங்கிய இடம் வாசற்படி. விஷயம் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது.

“உசுரோட இருக்கவளைச் செத்தான்னு சொன்ன நாக்கு அழுகிப் போகணும்” என்றாள் ஒருத்தி.

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க தாயி” என்றாள் முருகம்மாள்.

என்ன மனசு பாருங்கள் என்று வரிசை வியந்தது.

முருகம்மாள் வாசற்படியை விட்டு நகரவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவரை அவளுடைய அப்பனுக்கு ஓட்டு என்று ஒன்று இருந்ததில்லை. இங்கே பேர் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. இன்றைக்கு விட்டால் பேரே அடிபட்டுப் போகும். அடிபட்ட பேரைத் திரும்ப வாங்க எத்தனை ஆபீஸ் ஏற வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

அதிகாரி அட்டையில் இருந்த முகத்தையும் எதிரில் இருந்த முகத்தையும் நிதானமாக ஒத்துப் பார்த்தார். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த அங்கன்வாடி டீச்சரைக் கூப்பிடச் சொன்னார். நஜ்லா டீச்சர் வந்தாள். பழனியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவள். ஊரில் இன்னும் பாதி முகம் பழகவில்லை.

“யார் சொல்லி இப்படிக் குறிச்சீங்க?”

நஜ்லா முருகம்மாளைப் பார்த்தாள். முருகம்மாள் தரையைப் பார்த்தாள்.

“ஞாபகம் இல்ல சார். என் தப்புதான்.”

அப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. உறுதிமொழி வாங்கினார்கள். கையெழுத்தோடு கைரேகையும் வாங்கினார்கள். போட்டோ எடுத்தார்கள். சத்தமாகப் பேர் வாசித்தார்கள். செல்லப்பாண்டிக்கும் திருப்தி. “வெரசாப் போட்டுட்டு வாங்க சித்தி” என்றான்.

விரலில் மை வைத்தார்கள். மெஷின் கூவியது.

வெளியே பள்ளிக்கூட கேட் அருகே நஜ்லா காத்திருந்தாள்.

“ஏம்மா, அன்னைக்கு நான் லிஸ்ட்டோட வந்தப்போ, ‘முருகம்மா போன தையில செத்துட்டா’ன்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டுச் சொன்னது நீங்கதானே?”

முருகம்மாள் மறுக்கவில்லை. “காப்பியும் குடுத்தேன்.”

காரணத்தையும் முருகம்மாளே சொன்னாள்.

அவளுடைய பதினோரு வயதில், இலங்கைத் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்து வாசலில் ஒருவர் தாளோடு வந்து நின்று அப்பன் பேரை வாசித்தார். “இருக்கேன் தொரை” என்றான் அப்பன். மறு மாதம் குடும்பத்தை இந்தியாவுக்குக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கட்டிக்கொடுத்த அக்காள் பேர் அந்தத் தாளில் இல்லை. அவள் தலைமன்னாரில், கரையிலேயே நின்றாள். அவ்வளவுதான் அவளைப் பார்த்தது.

அன்றிலிருந்து, வாசலில் தாளோடு யார் வந்து பேர் கேட்டாலும் முருகம்மாள் வீட்டில் அந்தப் பேரில் ஆள் கிடையாது. ஓட்டுக்கும் டீச்சர் கொண்டுவந்த தாளுக்கும் சம்பந்தம் உண்டென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வாசலில் யார் வந்து எந்தப் பேரை வாசித்தாலும், பயமில்லாமல் “இருக்கேன்” என்று சொல்ல, உங்கள் வீட்டில் அத்தனை பேரும் இருக்கட்டும்.