ஜூன் முதல் வாரத்தில் பிறந்தவர்கள்

மனிதப் பிறப்புக்கு ஒரு வெள்ளி டம்ளர் என்று விலை வைத்தார், ஓசூர் ஆலையின் மேனேஜர் ரங்கபாஷ்யம். ஆலை தொடங்கியது ஜூன் முதல் வாரம் என்பதால், எந்த வருஷமானாலும் அந்த வாரத்தில் பிறந்த தொழிலாளிகளுக்கெல்லாம் பரிசு என்று நோட்டீஸ் ஒட்டினார்.

"முந்நூறு பேர்ல ஆறு பேருக்கு மேல தேறாது. மிஞ்சினா என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க" என்று முதலாளியிடம் சவடாலும் அடித்தார்.

பிறகுதான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஜெபசீலியிடம், "ஜூன் ஒண்ணுலேருந்து ஏழு வரைக்கும் பொறந்தவங்களை மட்டும் பிரிச்சு எடும்மா" என்றார்.

பிரிண்டர் நிற்கவே இல்லை.

"இருநூத்தெழுபது பேரா? தேதியைத் தப்பாக் குடுத்தியா?"

"சரியாத்தான் குடுத்தேன் சார். எங்க பக்கம் பொறந்த தேதியை யாரு எழுதி வெச்சாங்க? இஸ்கூல் தொறக்கறப்ப அஞ்சு வயசு ஆகணுமே, வாத்தியாரே எல்லாத்துக்கும் ஜூன் ஒண்ணுன்னு போட்டுடுவாரு."

"மீதி முப்பது பேர்?"

"உங்களாட்டம் ஆஸ்பத்திரியில பொறந்தவங்க சார். பாவம், அவங்களுக்குத்தான் டம்ளர் இல்லை."

முதலாளி கணக்கில் ஆறு டம்ளர். ரங்கபாஷ்யத்தின் சம்பளக் கணக்கில் பாக்கி இருநூற்று அறுபத்து நான்கு.