பாதி இதில், பாதி அதில்

சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு திருப்புளி குத்தியிருப்பதால் அவனுக்குத் தெருவில் திருப்புளி என்றே பெயர். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. கைவேலை சுத்தம். மனசுதான் அன்றைக்குக் கொஞ்சம் அழுக்கு.

அக்கா வீட்டுக் கதவைத் தட்டும்போது அவன் பையில் இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தன. ஒன்று புத்தம் புதுசு. இன்னொன்று கடையின் குப்பைப் பெட்டியிலிருந்து பொறுக்கியது. ஓடும்போது 'டக், டக்' என்று சத்தம் போடும். அப்படிச் சத்தம் போடுகிற டிஸ்க் அதிக நாள் தாங்காது.

அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

தெருமுனையில் அப்பாவுக்கு ஒரு வீடியோ ஸ்டூடியோ. சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கலாம் என்றிருந்தவர், கடைசியாக ஆசைக்கு ஒரு படம் எடுத்தார். கதை, வசனம், கதாநாயகன் எல்லாம் அவரே. "மாப்பிள்ளை இத எடிட் பண்ணி முடிக்கட்டும், சாவி அவர் கைக்கு" என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

பெற்ற பிள்ளை குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது சாவி மாப்பிள்ளைக்கா? திருப்புளிக்கு வயிறு எரிந்தது. கோபித்துக்கொண்டு படப்பிடிப்புப் பக்கமே அவன் தலைவைத்துப் படுக்கவில்லை. படம் முடியக் கூடாது, அவ்வளவுதான்.

உள்ளறையில் அத்தான் காதில் ஹெட்போனோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். இவனைப் பார்த்ததும் சட்டென்று திரையை அணைத்தார். எப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறார் பார், என்று நினைத்துக்கொண்டான்.

"படம் நகரவே மாட்டேங்குதுன்னு அக்கா சொன்னா அத்தான்."

"அத ஏன் கேக்கற! ஒரு சீனைத் தொட்டா, கம்ப்யூட்டர் அப்படியே தூங்கிப் போயிடுது."

"இந்த ரெண்டு டிஸ்க்கையும் ஒண்ணாக் கோத்துடறேன். ஸ்ட்ரைப்னு சொல்வாங்க. படத்தத் துண்டு துண்டா நறுக்கி, பாதி இதுல, பாதி அதுல, மாத்தி மாத்திப் போடும். ரெண்டும் சேந்து ஓடும்போது ரெட்டை வேகம்!"

அத்தான் தாடையைச் சொறிந்தார். "ரெண்டுல ஒண்ணு படுத்துடுச்சுன்னா?"

திருப்புளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்லி மாட்டிக்கொள்வானேன்?

"இன்னொண்ணுல இருக்கற பாதிய வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. மொத்தமும் போயிடும். ஆனா அதெல்லாம் எங்க படுக்கப் போகுது?"

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

"சரி, மாட்டு" என்றார் அத்தான்.

பெட்டியைத் திறந்து, டிஸ்க்குகளைத் திருகி, வயர்களைச் செருகினான். இரண்டையும் ஒரே டிரைவாகக் காட்டும்படி செட்டிங்கை மாற்றினான். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த பழைய டிஸ்க்கிலிருந்து படம் புதிய இடத்துக்கு ஏற ஆரம்பித்தது. 'டக்' என்றது பெட்டி. திருப்புளி அவசரமாக இருமினான்.

"ஃபேன் சத்தம், அத்தான்."

"நானும் அதான் நெனச்சேன்."

படம் ஏறி முடிந்ததும் அத்தான் தன் கையாலேயே பழைய டிஸ்க்கைச் சுத்தமாக அழித்தார்.

"கேமரா கார்டுல இருக்கும்ல அத்தான்?" என்று நைசாகக் கேட்டுப் பார்த்தான்.

"அதையெல்லாம் அப்பவே அழிச்சாச்சு. ஒரு பொருள எதுக்கு ரெண்டு இடத்துல வச்சுக்கிட்டு?"

இப்படியும் ஒரு அப்பாவியா! திருப்புளிக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அக்கா கொடுத்த டீயைக் குடித்ததும் அதுவும் போய்விட்டது.

அந்த வாரம் முடிவதற்குள் அக்காவின் போன் வந்தது. "டேய், உடனே வா. கம்ப்யூட்டர்ல படத்தையே காணோம். உங்க அத்தான் ஆடிப் போயிட்டாரு!"

சோகமான முகத்தை மாட்டிக்கொண்டு ஓடினான். அத்தான் துண்டில் முகம் புதைத்திருந்தார். தோள்கள் குலுங்கின. எதிரே அப்பா இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"உன் வேலைதானாடா இது?" என்று பாய்ந்தார்.

துண்டுக்குள்ளிருந்தே அத்தான் குறுக்கிட்டார். "அவன் மேல தப்பில்ல மாமா. ஒண்ணு போனா மொத்தமும் போயிடும்னு அவன் அன்னிக்கே சொன்னான். நான்தான் காதுல வாங்காம பழச அழிச்சுட்டேன்."

அப்பா மகனை ஏற இறங்கப் பார்த்தார். "சொன்னானா? அப்ப விவரம் தெரிஞ்சவன் இவன்தான். இந்தாடா, ஸ்டூடியோ சாவி."

திருப்புளிக்குக் கால் தரையில் பாவவில்லை. சாவியை வாங்கி, சட்டைப் பையில் திருப்புளிக்குப் பக்கத்திலேயே பத்திரமாகப் போட்டுக்கொண்டான்.

"ஒரு விதத்துல நல்லதாப் போச்சு" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாலு மணி நேரத்துக்குள்ள கதைய அமுக்கிட்டோமேன்னு எனக்கே ஒரு குறை. மறுபடி முதல்லேர்ந்து எடுக்கறோம். இந்தத் தடவ பன்னெண்டு பாட்டு, எல்லாமே நான்தான் பாடறேன். எடிட்டிங் நீ. முடியற வரைக்கும் ஸ்டூடியோல வேற எந்த வேலையும் எடுக்கக் கூடாது. முதல் பாட்டு இப்படிப் போகும், கேளு..."

அப்பா தொண்டையைச் செருமினார். அக்கா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாட்டு ஆரம்பித்தது. திருப்புளியின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

அத்தான் முகத்திலிருந்து துண்டை எடுத்தார். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. செத்துப்போன டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து உருவி, தூசி தட்டி, மைத்துனன் கையில் வைத்தார்.

"இதே மாதிரி டக் டக்குன்னு அடிக்கறது இன்னொண்ணு கெடச்சா எடுத்து வச்சுக்க மச்சான், உனக்குத் தேவைப்படும்."