நவமணி சொன்ன பெயர்

நூருல் நீட்டிய படத்தைப் பார்த்து நவமணி, “சீப்பு” என்றார்.

அடுத்து குடை. அதற்கடுத்து கரண்டி. எல்லாம் சரி.

பேச்சுப் பயிற்சி தரும் நூருலுக்குத் தமிழ் தெரியாது. அதனால்தான் கோப்பு அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார். மருத்துவமனையில் நோய்களுக்குக் குறியீட்டு எண் போடுவது என் வேலை. மனிதர்களோடு பழக்கம் குறைவு.

மூளையில் இரத்தம் கசிந்ததில் நவமணிக்குப் பேச்சு போய்விட்டிருந்தது. ‘நீடிக்கும் மொழிக்குறை’ என்று அவருக்கு எண் போட்டது நான்தான். அந்த எண் இருக்கும்வரை பயிற்சி உண்டு. குறை தீர்ந்தால் எண்ணை எடுத்துவிட வேண்டும், பயிற்சியும் நின்றுவிடும்.

இன்றைக்கு எடுத்துவிடலாம் போலிருந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பக்கத்தில் அவர் கணவர் திருச்செல்வம். ஜெராம் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். மனைவி சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் கூடவே வாயசைத்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் கேள்வி: கணவர் பெயர் என்ன?

எனக்குச் சிரிப்பு வந்தது. என் அம்மாவும் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் அவருடைய அடையாள அட்டையை எடுத்து நீட்டுவார். பதில் வராவிட்டால் தவறு என்று போடவேண்டாம், புருஷன் பேரைச் சொல்லாதது எங்கள் வழக்கம் என்று நூருலிடம் மலாயில் சொல்லிவைத்தேன். பிறகுதான் கேட்டேன்.

“கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து என் பேரு அவ வாயில வந்ததே இல்ல லா,” என்றார் திருச்செல்வம். பெருமையாகத்தான் சொன்னார்.

“திருச்செல்வம்,” என்றார் நவமணி.

சீப்பு, குடை, கரண்டி என்று சொன்ன அதே குரல்.

நூருல் கைதட்டினார். எண்ணை எடுத்துவிடலாம் என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

திருச்செல்வத்தின் முகம் செத்துப்போயிருந்தது. என் பக்கம் திரும்பினார்.

“வீட்டுல இவ என்னய எப்படிக் கூப்புடுவான்னு கேளும்மா.”

கேட்டேன். கேட்கும்போதே பயமாக இருந்தது.

நவமணி கணவரை உற்றுப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கித் தேடினார். பாவம், நிஜமாகவே தேடினார்.

“திருச்செல்வம்,” என்றார் மறுபடியும், முன்னைவிடத் தெளிவாக.

எண் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்று நூருலிடம் சொன்னேன்.