தூங்காத லேப்டாப்

"இன்னைக்கு அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பாம விடமாட்டேன்" என்றார் மேனேஜர், லேப்டாப்பைப் பார்க்க வந்த மெக்கானிக்கிடம்.

அந்த ஆள், பக்கத்து அறைத் தபால் குமாஸ்தா. மேனேஜர் இல்லாத நேரம் பார்த்து அவர் இந்த அறைக்குள் நுழைந்ததை டைப்பிஸ்ட் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து மேனேஜரின் லேப்டாப் தூங்குவதே இல்லை.

"மதியம் சாப்பிட்டதும் இதைத் தூங்கப் போட்டுட்டுக் கொஞ்சம் கண்ணை மூடி யோசிப்பேன். யோசிச்சு முடிச்சுக் கண்ணைத் திறந்தா, இது முழிச்சு என்னையே பார்த்துட்டிருக்கு. அடுப்பாக் கொதிக்குது. உள்ள எதையோ வெச்சிருக்கான்."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சொருகியிருக்கிறதை ஒவ்வொண்ணாக் கழட்டிப் பார்ப்போம் சார்."

பென் டிரைவைக் கழற்றித் தூங்கப் போட்டார். முழித்தது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினார். முழித்தது. மேனேஜர் முகத்துக்கு நேராக வைத்திருந்த குட்டி ஃபேனையும் பிடுங்கினார். மேனேஜருக்கு வியர்த்தது, லேப்டாப் முழித்தது.

கடைசியில், பின்பக்கம் நகக்கண் அளவுக்கு ஒன்று அகப்பட்டது.

"வயர் இல்லாத மவுஸோட ரிசீவர் சார் இது. பக்கத்துல எங்கேயோ மவுஸ் அசையுது. அசையறப்பல்லாம் இது முழிச்சுக்குது."

இருவரும் தபால் அறைக்குப் போனார்கள்.

மேசைமேல் ஒரு மவுஸ். ஒரு பக்கம் நூலால் டேபிள் ஃபேனின் கழுத்தோடும், மறுபக்கம் ரப்பர் பேண்டால் டிராயர் கைப்பிடியோடும் கட்டியிருந்தது. ஃபேன் தலையைத் திருப்பத் திருப்ப, மவுஸ் மேசைமேல் போவதும் வருவதுமாக உலாத்திக்கொண்டிருந்தது.

குமாஸ்தா கையிலிருந்த கடிதக்கட்டைக் கீழே வைத்தார்.

"லேப்டாப் அஞ்சு நிமிஷத்துக்கு மேல தூங்கினா மெமோ. நீ ஏற்கெனவே ரெண்டு வாங்கியாச்சு. மூணாவதுன்னா வீடுதான், தெரியுமில்ல? இந்தத் திருட்டு வேலைக்கு இப்பவே எழுதித் தரேன்" என்றார் மேனேஜர்.

குமாஸ்தா ஃபைலிலிருந்து ஒரு சர்க்குலரை எடுத்து நீட்டினார்.

"இந்த மாசத்துலேர்ந்து அந்த ரூல் மேனேஜர்களுக்கும் உண்டு சார். கீழ உங்க கையெழுத்து."

படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் மேனேஜர் கெட்டிக்காரர். இப்போதுதான் படித்தார். படித்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா மதியம் தூங்கமாட்டீங்க சார். ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில உங்கம்மா பக்கத்துல முழிச்சிருந்துட்டு வர்றீங்க. அந்த ஒரு மணி நேரமும் இல்லேன்னா விழுந்துடுவீங்க."

நாளெல்லாம் கடிதக்கட்டோடு மாடி மாடியாக ஏறி இறங்குகிறவரின் லேப்டாப் தூங்காமல் வேறென்ன செய்யும் என்று அப்போதுதான் மேனேஜருக்கு உறைத்தது.

"போன வாரம்தானே உங்களுக்கு ரெண்டாவது மெமோ குடுத்தேன். அப்பவே இதை எடுத்து உங்க லேப்டாப்புல சொருகியிருக்கலாமே?"

"இருக்கிறது ஒரு மவுஸ்தானே சார். என் லேப்டாப் தூங்கின நேரம் நீங்களும் நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க."