மஞ்சள் சட்டை போன வழி

விசில் ஊதியதுதான் தாமதம், மஞ்சள் சட்டைப் பெண் சைக்கிளை ஒரே மிதியில் பறக்கவிட்டாள். "அடேயப்பா, என்ன சுறுசுறுப்பு!" என்று பூரித்துப்போன நகராட்சிப் பொறியாளரம்மா, தன் சைக்கிளில் பின்னாலேயே கிளம்பினார். ரொட்டிக்கடைக்காரர் தலைமையில் மேட்டுத் தெருவும், தையல்காரர் தலைமையில் பாலத் தெருவும் மணியடித்துக்கொண்டு தொடர்ந்தன.

சைக்கிள் பாதை எந்த வழியாகப் போவது, சைக்கிள்களை எங்கே நிறுத்துவது என்று மூன்று கூட்டம் போட்டாயிற்று. மூன்றிலும் நாற்காலி பறக்காததுதான் பாக்கி. இன்றைக்கும் இரண்டு தெருவும் ஒத்துவராவிட்டால் திட்டத்தையே மூட்டை கட்டிவிடுவேன் என்று ஆணையர் கறாராகச் சொல்லிவிட்டார். பொறியாளரம்மாவுக்கோ இது நெடுநாள் கனவு.

அதனால்தான் இந்த யோசனை. 'ரெண்டு தெருவுக்கும் பொதுவா ஒரு ஆளை, மஞ்சள் சட்டை போட்டுக் கூட்டிட்டு வாங்க. அவர் போற வழிதான் பாதை. அவர் இறங்குற இடம்தான் ஸ்டாண்டு' என்று சொல்லியிருந்தார். காலையில் பூங்கா முனையில் மஞ்சள் சட்டை தலைகாட்டியதுமே, ஆர்வம் தாங்காமல் விசிலை ஊதிவிட்டார்.

சந்தைச் சாலையில்தான் போவாள் என்று எல்லோரும் நினைக்க, அவள் சட்டென்று பள்ளிக்கூடச் சந்துக்குள் நுழைந்தாள்.

"அட, இங்க லாரியே வராதே! நமக்குத் தோணலையே!" என்றார் தையல்காரர். "அண்ணே, எங்கேர்ந்து பிடிச்சீங்க இந்தப் பொண்ணை?"

ரொட்டிக்கடைக்காரருக்கு மூச்சு வாங்கிய வாங்கில் சிரிக்கத்தான் முடிந்தது.

போகப் போக அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வருகிறவர்கள் மேல் எவ்வளவு அக்கறை என்று பொறியாளரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. யாராவது நெருங்கினால் போதும், இன்னும் வேகமெடுத்தாள்.

"நம்மள சோம்பேறியா விடமாட்டா போலிருக்கே!" என்று மேட்டுத் தெரு கூவ, பாலத் தெரு விழுந்து விழுந்து சிரித்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், வாய்க்கால் ஓரம், பாலத்துக்கு அடியில் என்று அவள் வளைந்து வளைந்து போனாள். மேடு இல்லை, நெரிசல் இல்லை, வழி நெடுக நிழல்.

"இந்த வழிக்கு யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று பொறியாளரம்மா கத்தினார்.

"இல்லவே இல்ல!" என்று இரண்டு தெருவும் ஒரே குரலில் கத்தின. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கடைசியில் அவள் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்துக்குள் திரும்பினாள். மரத்தடியில் சைக்கிளைப் போட்டுவிட்டு, பூட்டக்கூடச் செய்யாமல் உள்ளே ஓடினாள்.

"ஐயோ, என்ன மூளை!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் தையல்காரர். "இங்க ஸ்டாண்டு வச்சா எந்தத் திருடன் கைவைப்பான்?"

ரொட்டிக்கடைக்காரர் அவரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். ஜென்மப் பகையாளிகள் மாதிரி இருந்தவர்கள் ஆளுக்கு ஆள் கைகொடுத்துக்கொண்டார்கள்.

பொறியாளரம்மா ஆணையருக்குப் போன் போட்டார். "சார், முடிஞ்சுது சார்! ரெண்டு தெருவும் சம்மதிச்சாச்சு!"

அதற்குள் அந்தப் பெண், இன்ஸ்பெக்டரோடு வாசலுக்கு வந்தாள். பொறியாளரம்மா முகமெல்லாம் சிரிப்பாக, நன்றி சொல்லக் கையை நீட்டிக்கொண்டு ஓடினார்.

அவள் ஓரடி பின்னால் நகர்ந்து இன்ஸ்பெக்டர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"இவங்கதான் சார், பூங்காவுலேர்ந்து என்னைத் துரத்துறாங்க!"